கைப்பதம் போதாது: ஹார்லி பெல்ட்டுக்கு 10 பவுண்டு கேஜ் வாங்கி 14 மாசம் யூஸ் பண்ண அனுபவம்

முதல்லயே சொல்லிடறேங்க, பெல்ட் எவ்ளோ இறுக்கமா இருக்குன்னு பாக்கற இந்த பெல்ட் டென்ஷன் கேஜ் நல்ல சாமான், பெல்ட் ட்ரைவ் பைக், அதாவது செயினுக்கு பதிலா பல்லு பெல்ட் பின் வீல சுத்தற பைக் வச்சிருக்கவங்க தாராளமா வாங்கலாம், ஆனா பார்சல் பிரிச்ச கையோட அப்படியே நம்பி யூஸ் பண்ணாதீங்க, ஒரு தராசுல வச்சு சரிபாத்துட்டு அப்புறமா பைக்குகிட்ட போங்க. நான் ஆன்லைன்ல 1,850 ரூபாய்க்கு வாங்கினேன், 14 மாசம் ஆச்சு, என் பைக்குல 5 தடவ, கூட்டாளிங்க பைக்குல 3 தடவ பெல்ட் பாத்தாச்சு. பேரே போடாம விக்குற சாமான் இது, ஒரே பொருளத்தான் பல கடைக்காரங்க போட்டோ மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. ஹார்லி சர்வீஸ் மேனுவல்ல எச்டி-35381ன்னு ஒரு டூல் நம்பர் வரும், அதே டைப் தான் இதுவும்.

என் வண்டி 2016 ஹார்லி அயர்ன் 883, ரெண்டாவது ஓனரா வாங்கினது, கோயம்புத்தூர்ல ஓட்டறேன். பெல்ட் வண்டின்னா செயின் மாதிரி வாராவாரம் ஆயில் விடற வேல இல்ல, கிளீன் பண்ற வேல இல்ல, அதுக்காகவே புடிச்சு வாங்கினேன். உண்மையிலயே ரெண்டு வருசம் பெல்ட் பக்கம் திரும்பிக்கூட பாக்கல, பாக்க வேண்டிய அவசியமும் வரல. பிரச்சன ஆரம்பிச்சது பின் டயர் மாத்தினப்போ. பின் வீல கழட்டி மாட்டினா பெல்ட் டென்ஷன் பழைய இடத்துக்கே வரும்னு சொல்ல முடியாது, திரும்ப அளந்துதான் வைக்கணும். டயர் மாத்தின இடத்துல அந்தப் பையன் நல்லாத்தான் வேல செஞ்சான், ஆனா கடைசில பெல்ட்ட கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு "கிண்ணுனு இருக்குண்ணா, இனி லூஸ் ஆகவே ஆகாது"ன்னான். நானும் சந்தோசமா வந்துட்டேன்.

மறுநாள் மேட்டுப்பாளையம் ரோட்டுல போறப்போ 40 தாண்டினதும் ஊஊஊய்னு ஒரு சத்தம், ஸ்பீடு ஏற ஏற சத்தமும் கூடவே ஏறுது, எஞ்சின் சத்தம்னு நெனச்சு கிளட்ச்ச புடிச்சு ஐடில்ல விட்டு உருட்டிப் பாத்தேன், அப்பவும் அதே ஊய். இத ஞாபகம் வச்சுக்கோங்க, கிளட்ச் புடிச்சும் சத்தம் வீல் ஸ்பீடோட போகுதுன்னா எஞ்சின விட்டுட்டு பின்னாடி பாருங்க, பெல்ட்டு, புல்லி, வீல் பேரிங், இந்த மூணத்தான் முதல்ல பாக்கணும்.

எங்க மாமா 30 வருசம் ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. பைக் அவருக்கு அவ்வளவா பழக்கம் இல்ல, ஆனா பெல்ட்டுன்னா தெரியும். அவரு கீழ உக்காந்து அடிப்பக்கம் போற பெல்ட்ட விரலால தூக்கிப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டாரு, "எத்தன கிலோ குடுத்து எத்தன நூல் ஏறுதுன்னு பாத்தீங்களா மாப்ள?" இல்ல மாமா, டயர் மாத்தினவங்க கையில அமுக்கித்தான் பாத்தாங்கன்னேன். "கை ஆளுக்கு ஆள் மாறுமுங்க, ஒருத்தன் ரெண்டு கிலோ அமுக்குவான் இன்னொருத்தன் ஏழு கிலோ அமுக்குவான், எடை சொல்லாம நூல் மட்டும் சொன்னா அது அளவே இல்ல"ன்னாரு. (நூல்னா தெரியாதவங்களுக்கு, பட்டறையில ஒரு இஞ்ச எட்டா பிரிச்சா ஒரு பங்கு ஒரு நூல்.) மில்லுல பெல்ட்டுக்கு ஒரு கணக்கு இருக்காம், ரெண்டு புல்லிக்கு நடுவுல பெல்ட் ஓடற நீளம் எத்தன இஞ்சோ அத்தன 64-ல ஒரு பங்கு இஞ்ச் அமுங்கணும், அதுக்கு எத்தன கிலோ விசை பிடிக்குதுன்னு அளந்து பாப்பாங்களாம். பைக்குக்கு அந்தக் கணக்க போடக்கூடாது, கம்பெனி என்ன சொல்லுதோ அதான். ஆனா விசையும் அமுங்கற தூரமும் சேந்துதான் டென்ஷன்னு அன்னிக்குத்தான் எனக்கு மண்டைல ஏறுச்சு.

மேனுவல எடுத்துப் பாத்தா அதேதான் எழுதிருக்கு. பெல்ட்டோட அடிப்பக்கம், ரெண்டு புல்லிக்கும் நடு மத்தியில, 10 பவுண்டு விசைல மேல தள்ளணும், 10 பவுண்டுன்னா நம்ம கணக்குல நாலரை கிலோ, அப்போ பெல்ட் எவ்ளோ மேல ஏறுதோ அதான் அளவு. அந்த 10 பவுண்ட சரியா குடுக்கறதுக்குத்தான் இந்த கேஜ்.

சாமான் பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஒரு கம்பி, கம்பிக்கு மேல பெல்ட் உக்கார ஒரு தொட்டி மாதிரி பிளாஸ்டிக் துண்டு, கீழ ஒரு குமிழ் கைப்பிடி, உள்ள ஸ்பிரிங். கம்பில பவுண்டு கோடு போட்டிருக்கும், கோட்டு மேல ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். ஓ-ரிங்க பூஜ்யத்துல வச்சுட்டு தொட்டிய பெல்ட்டுக்கு அடில குடுத்து குமிழப் புடிச்சு மேல தள்ளினா ஸ்பிரிங் அமுங்க அமுங்க ஓ-ரிங் நகந்துட்டே வரும், 10-ல வந்ததும் அப்படியே அசையாம புடிச்சுக்கிட்டு பெல்ட் எவ்ளோ ஏறிருக்குன்னு ஸ்கேல்ல பாக்கணும். 10 தாண்டிப் போயிட்டா ஓ-ரிங் தானா திரும்பி வராது, மறுபடி பூஜ்யத்துல வச்சு முதல்லேருந்து தள்ளுங்க. இவ்வளவுதான் டூல். பேட்டரி இல்ல, ஸ்கிரீன் இல்ல, கெட்டுப்போக ஒண்ணும் இல்ல.

எனக்கு வந்த பீஸுல தொட்டி நல்லா இருக்கு, பெல்ட் அகலத்துக்கு சரியா உக்காருது, ஓரம் மழுங்கலா இருக்கறதால பெல்ட்ட வெட்டாது. கோடுங்கதான் பெயிண்டுல போட்டிருக்கான், செதுக்கல, கிரீஸ் கையோட நாலு தடவ தொடச்சா அழிஞ்சிடும்னு பாத்ததுமே தெரிஞ்சது. ஓ-ரிங் முதல் வாரமே லூசா இருந்துச்சு, கேஜ நிமித்தினா தானா சறுக்கி கீழ வந்துடும், அப்புறம் அளவு என்ன காட்டினா என்ன. பிளம்பிங் கடைல ஒரு அளவு சின்ன ஓ-ரிங் வாங்கி மாட்டினேன், சரியாயிடுச்சு. இதெல்லாம் சின்ன விசயம்.

பெரிய விசயம் ஸ்பிரிங். மாமா தான் சொன்னாரு, ஸ்பிரிங் சாமான் எதையும் எடை போடாம நம்பக்கூடாதுன்னு. எங்க தெரு அண்ணாச்சி கடைல எலக்ட்ரானிக் தராசு இருக்கு, மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா போய் "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் தராசு வேணும்"னு கேட்டேன், தாராளமா பாருங்கன்னாரு. கேஜ தலைகீழா, தொட்டி கீழ வர்ற மாதிரி தட்டுல நிறுத்தி, டேர் அடிச்சு பூஜ்யமாக்கிட்டு, குமிழ மெதுவா அமுக்கி ஓ-ரிங் 10-க்கு வந்ததும் நிறுத்தினேன். தராசு 4.54 காட்டணும். காட்டினது 4.05. மறுபடி பாத்தேன் 4.10. மூணாவது தடவ 4.05. அண்ணாச்சியே எட்டிப் பாத்துட்டு "தராசு கரெக்டா இருக்கு தம்பி, போன மாசந்தான் முத்திர வச்சாங்க"ன்னாரு.

அதாவது கேஜ் 10 பவுண்டுன்னு சொல்றப்போ நிஜத்துல 9 பவுண்டுதான் பெல்ட்டுக்குப் போகுது. கொறஞ்ச விசைல தள்ளினா பெல்ட் கொறச்சலாத்தான் ஏறும், நாம பெல்ட் டைட்டா இருக்குன்னு தப்பா நெனச்சு தேவைக்கு மேல லூஸ் பண்ணி வச்சிடுவோம். அதனால அங்கயே நின்னு 4.54 காட்டற வரைக்கும் அமுக்கி ஓ-ரிங் எங்க நிக்குதோ அங்க நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டுட்டேன், 11 கோட்டுக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. இப்போ அந்தக் கோடுதான் என் 10 பவுண்டு. வருசம் ஒரு தடவ திரும்ப தராசுல பாக்கணும்னு முடிவு, போன மாசம் பாத்தேன், அதே இடத்துலதான் நிக்குது, அப்போ ஸ்பிரிங் தரம் மோசமில்ல, கோடு அடிச்சதுதான் தப்பு. இந்த ஒரு வேலைய மட்டும் யாரும் விட்டுடாதீங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன், எல்லார் வீட்டுப் பக்கத்துலயும் ஒரு மளிகக் கடை இருக்கு.

கேஜ் வாங்கறதுக்கு முன்னாடி லக்கேஜ் தொங்கவிட்டு எடை பாக்கற கைத்தராசுல பெல்ட்ட கீழ இழுத்து பாக்கலாம்னு ஒரு கூட்டாளி சொன்னாரு, அதையும் செஞ்சு பாத்தேன். விசை என்னமோ சரியா தெரியுது, ஆனா கொக்கில மாட்டின நாடா பெல்ட்டோட ஓரத்த புடிச்சு மடக்குது, பெல்ட் சமமா இறங்காம ஒரு பக்கமா சாயுது, எந்த ஓரத்த அளக்கறதுன்னே தெரியல. அகலமான பட்ட ஒண்ணு போட்டு இழுத்தா பரவால்ல. காசு செலவு பண்ண முடியாதவங்க அப்படி செய்யலாம், கட்டை விரலுக்கு அது எவ்வளவோ மேல்.

இப்போ அளக்கற முறைக்கு வர்றேன், ஏன்னா கேஜ் எவ்ளோ நல்லதா இருந்தாலும் தப்பான நேரத்துல தப்பான நிலைல அளந்தா வேஸ்ட்டு. வண்டி ஆறிப்போய் இருக்கணும். ஓட்டிட்டு வந்த சூட்டுல எல்லாம் விரிஞ்சு அளவு மாறிடும், அதுவும் அயர்ன்ல பெல்ட்டும் வலது பக்கம், சைலன்சரும் வலது பக்கம், சூடா இருந்தா கையையும் சுட்டுக்குவீங்க. நான் ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு பாக்கறேன். சைடு ஸ்டாண்டுல நிக்கணும், யாரும் உக்காரக்கூடாது, சேடில் பேக் இருந்தா காலி பண்ணிடுங்க, கியர் நியூட்ரல்ல. சில ஹார்லி மாடல்ல பெல்ட் கார்டுல ஒரு சின்ன ஜன்னலும் அதுல கோடும் இருக்கும், அத வச்சே பாத்துக்கலாம், என் வண்டில இல்ல, அதனால 6 இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல நிமித்தி வச்சு பாக்கறேன். தனியா செய்ய முடியாதுன்னு இல்ல, ஆனா ஒருத்தர் தள்ள ஒருத்தர் படிக்கன்னு ரெண்டு பேர் இருந்தா அளவு சுத்தமா வரும், எனக்கு என் பொண்ணு படிச்சு சொல்லுவா. பெல்ட்டோட மேல் ஓரமோ கீழ் ஓரமோ, எதப் பாத்து ஆரம்பிச்சமோ கடைசி வரைக்கும் அதையேதான் பாக்கணும்.

ஒரு இடத்துல மட்டும் பாத்துட்டு எழுந்துடக்கூடாது. வண்டிய கொஞ்சம் கொஞ்சமா உருட்டி வீல் கால் சுத்து சுத்தின மாதிரி நாலஞ்சு இடத்துல பாருங்க. எந்தப் புல்லியும் நூத்துக்கு நூறு வட்டமா ஓடாது, அதனால ஒரு இடத்துல டைட்டாவும் ஒரு இடத்துல லூசாவும் இருக்கும். எந்த இடத்துல ரொம்ப டைட்டா இருக்கோ அந்த இடத்துல வச்சுத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும். லூசான இடத்துல வச்சு செட் பண்ணா டைட்டான இடம் வர்றப்போ ஒவ்வொரு சுத்துக்கும் பேரிங்க போட்டு இழுக்கும்.

அளவு எவ்ளோன்னு நிறைய பேர் கேப்பீங்க. வேணும்னேதான் நான் என் வண்டியோட அளவ இங்க போடல. ஹார்லிலயே மாடலுக்கு மாடல், ஏன் என் அயர்ன் சேந்த ஸ்போர்ட்ஸ்டர் குடும்பத்துக்குள்ளயே தாழ்ந்த சஸ்பென்ஷனுக்கு ஒரு அளவும் உசந்த சஸ்பென்ஷனுக்கு வேற அளவும் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு மடங்கு கணக்குல வித்தியாசம் வரும். உங்க வருசம் உங்க மாடல் போட்ட மேனுவல்ல என்ன இருக்கோ அதான் உங்களுக்கு. கூட்டாளி சொன்னான்னு அவன் வண்டி அளவ இதுல வச்சுடாதீங்க.

ஏன் இப்படி மாறுதுன்னு மாமாவும் நானும் தரைல சாக்பீஸ்ல வரைஞ்சு பாத்தோம். முன் புல்லியோட நடு ஒரு புள்ளி, பின் வீல தாங்கற ஸ்விங் ஆர்ம் மாட்டிருக்கற பிவட் (அது ஏறி இறங்கற மூட்டு) ஒரு புள்ளி, பின் ஆக்ஸில் ஒரு புள்ளி. முன் புல்லியும் பிவட்டும் ஒரே இடத்துல இல்ல, அதனால பின் வீல் ஏறி இறங்கறப்போ ரெண்டு புல்லிக்கும் நடுவுல தூரம் மாறிக்கிட்டே இருக்கும். மூணு புள்ளியும் ஒரே நேர்கோட்டுக்கு வர்ற நேரம்தான் தூரம் அதிகம், பெல்ட்டும் அப்போதான் உச்சகட்ட டைட்டு. சும்மா சைடு ஸ்டாண்டுல நிக்கறப்போ அந்தக் கோட்டுக்கு வராது, ஆள் உக்காந்து சஸ்பென்ஷன் அமுங்கறப்போதான் வரும். அப்போ யோசிச்சுப் பாருங்க, ஸ்டாண்டுல நிக்கறப்பவே கிண்ணுனு இருந்த என் பெல்ட் நானும் வீட்டம்மாவும் உக்காந்து ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கறப்போ என்ன பாடு பட்டிருக்கும், அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்லயும் வீல் பேரிங்லயும்தான் போய் விழும். கியர்பாக்ஸ் பேரிங் போச்சுன்னா அது சின்ன செலவு இல்லீங்க. லூசா விட்டாலும் ஆபத்து வேற மாதிரி, திடீர்னு ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்போ பெல்ட் பல்லு புல்லி பல்ல தாண்டி குதிக்கும், ஒரு தடவ குதிச்ச பெல்ட்ட நம்ப முடியாது.

முதல் தடவ கேஜ் வச்சுப் பாத்தப்போ என் பெல்ட் மேனுவல் சொன்னதுல பாதிகூட ஏறல. அன்னிக்கே லூஸ் பண்ணோம். ஆக்ஸில் நட்டுல கிளிப் இருந்தா முதல்ல அத எடுத்துடுங்க, அப்புறம் நட்ட லூஸ் பண்ணணும், 36 சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் வேணும், சின்ன ஸ்பானர வச்சு போராடாதீங்க, நட்டு மூலை மழுங்கிடும். ஸ்விங் ஆர்ம் கடைசில ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் நட்டு இருக்கு, ஆறு மூலைல ஒரு மூலை அளவுக்குத்தான் ஒரு தடவைக்கு திருப்பணும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. டைட் பண்றது சுலபம், நட்டு திருப்ப திருப்ப ஆக்ஸில் பின்னாடி வரும். லூஸ் பண்றப்போ நட்ட விட்டா மட்டும் ஆக்ஸில் முன்னாடி போகாது, பின்னாடி நின்னு டயர முன்பக்கமா தள்ளணும், இல்லனா ரப்பர் சுத்தியால மெதுவா தட்டணும், இது தெரியாம முதல்ல பத்து நிமிசம் அளவே மாறலயேன்னு முழிச்சோம்.

வீல் நேரா இருக்கான்னு பாக்க மேனுவல்லயே ஒரு அருமையான வழி இருக்கு, வெல்டிங் கம்பி ஒண்ண எடுத்து ஒரு முனைய வளச்சு, மேல ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கணும். வளச்ச முனைய பிவட் நடுவுல வச்சு மறு பக்கம் ஆக்ஸில் நடு வர்ற இடத்துக்கு ரப்பர நகத்தி வச்சுட்டு, அதே கம்பிய அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சு ரப்பர் அதே இடத்துல நிக்குதான்னு பாக்கணும். பக்கத்து லேத் பட்டறைல கம்பி சும்மாவே குடுத்தாங்க. ஸ்விங் ஆர்ம்ல இருக்கற கோட விட நான் இந்தக் கம்பியத்தான் நம்பறேன். வீல் கோணலா இருந்தா பெல்ட் புல்லியோட ஒரு ஓரத்துலயே தேச்சுக்கிட்டு ஓடும், பெல்ட் ஓரம் பஞ்சு மாதிரி பிரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் ஆக்ஸில் நட்ட டார்க் ரென்ச் (எவ்ளோ விசைல முடுக்கறோம்னு காட்டற ஸ்பானர்) போட்டு முடுக்கணும், என் மேனுவல்ல 129-லேருந்து 142 நியூட்டன் மீட்டர். முடுக்கினதும் வேல முடிஞ்சதுன்னு எழுந்திரிக்காதீங்க, நட்டு முடுக்கறப்போ டென்ஷன் கொஞ்சம் மாறும், எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டைட்டு பக்கம் போகுது, அதனால திரும்ப கேஜ் வச்சு பாக்கணும், சரியில்லனா மறுபடி லூஸ் பண்ணி மறுபடி. முதல் நாள் நாலு தடவ செஞ்சோம், ரெண்டரை மணி நேரம் ஆச்சு. இப்போ முக்கா மணி நேரத்துல முடிஞ்சிடுது. கெளம்பறதுக்கு முன்னாடி பின் பிரேக்க நாலு தடவ மிதிச்சு பாத்துட்டு வண்டிய எடுங்க.

ஊய் சத்தம் அன்னிக்கே நின்னுடுச்சு. அடுத்த வாரம் ஆழியார்லேருந்து வால்பாற, 40 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல ஏறி இறங்கி வந்தேன், பெல்ட்லேருந்து ஒரு சத்தமும் இல்ல. மனசு எவ்ளோ லேசா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல.

கேஜ வச்சு உக்காரற நேரத்துல பெல்ட்டையும் ஒரு முழு சுத்து பாத்துடுங்க. பல்லுக்கு உள்ள முடி மாதிரி மெலிசான கீறல் இருந்தா ஓட்டலாம், ஆனா கண்ணு வச்சுக்கணும், கீறல் வெளில தெரியற அளவுக்கு வந்துட்டாலோ பல்லு ஒண்ணு காணோம்னாலோ பெல்ட் மாத்தியே ஆகணும். ஜல்லி ரோட்டுல போறவங்களுக்கு கல்லுதான் எதிரி, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல கல்லு மாட்டினா பெல்ட்ட ஓட்ட போட்டுடும், அந்த ஓட்ட ஓரத்துல இருந்தா உடனே மாத்துங்க. பெல்ட்டுக்கு ஆயில், கிரீஸ், செயின் ஸ்பிரே எதுவும் கூடாது. கழட்டின பெல்ட்ட சுருட்டி கட்டி வைக்கக்கூடாது, 3 இஞ்ச் வட்டத்துக்கு கீழ மடிச்சா உள்ள இருக்கற இழை உடைஞ்சிடும், வெளிலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ரோட்டுல போறப்போதான் அறுந்துடும். டயர் மாத்தறப்போ பெல்ட் முறுக்கி கிடக்காம பாத்துக்கோங்க.

எவ்ளோ நாளைக்கு ஒரு தடவ பாக்கணும்னா, ஹார்லி கணக்குல முதல் 1,600 கிலோமீட்டர்லயும் அப்புறம் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும். பெல்ட் செயின் மாதிரி நீளாது, அதனால சரியா வச்சுட்டா ரொம்ப நாள் அப்படியே நிக்கும். 1980-ல ஹார்லி எஃப்எக்ஸ்பி ஸ்டர்ஜிஸ்ங்கற மாடல்ல கேட்ஸ் கம்பெனி பல்லு பெல்ட் போட்டு விட்டாங்க, அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஹார்லி பெல்ட்ட விடாம இருக்கறதுக்கு இந்த நீளாத குணமும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். ஆனா பின் வீல் கழட்டினா கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்காதீங்க, அன்னிக்கே பாக்கணும்.

யாருக்கு இந்த கேஜ் ஆகாதுன்னும் சொல்லிடறேன். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்ல உள்ள இருக்கற வேரியேட்டர் பெல்ட் வேற, அதுக்கு இப்படி டென்ஷன் வைக்கற வேலையே இல்ல, ஆனா "பெல்ட்"னு சொன்னதும் சில மெக்கானிக்குங்க அதத்தான் நெனைக்கறாங்க, அதனால வேலைக்கு விடறப்போ பின் வீலுக்குப் போற பல்லு பெல்ட்டுன்னு தெளிவா சொல்லி விடுங்க. நம்ம ஓசூர்ல செய்யற ஏதர் 450-லயும் பின் வீலுக்கு பெல்ட்டுதான், ஆனா அதோட அளவும் முறையும் அவங்களோடது, இந்த கேஜ எடுத்துட்டு அதுகிட்ட போகாதீங்க, சர்வீஸ்லயே பாத்துக்கலாம்.

ஹார்லி ஸ்ட்ரீட் 750 வச்சிருக்கற கூட்டாளிங்க ரெண்டு பேருக்கு இதே கேஜ்ல பாத்தோம், மேனுவல்ல அவங்க அளவு வேற, விசை அதே 10 பவுண்டு. 2020-ல ஹார்லி ஹரியானால இருந்த பாவல் ஃபேக்டரிய மூடினப்புறம் அந்த வண்டிக்காரங்களுக்கு எல்லா ஊர்லயும் தெரிஞ்ச ஆளு கெடைக்கறதில்ல, வேல தெரியாத கைல விட்டா பெல்ட்ட செயினா நெனச்சு இழுத்துடறாங்க, அவங்கல்லாம் இத வாங்கி வச்சுக்கறது ரொம்ப நல்லது. ஒருத்தர் வண்டில பெல்ட் சரியா இருந்துச்சு. இன்னொருத்தர் வண்டில ரொம்ப லூசு, அவரு ஆறு மாசமா சிக்னல்ல எடுக்கறப்போ டக்குனு ஒரு சத்தம் வருதுன்னு சொல்லிட்டு இருந்தாரு, பெல்ட் பல்லுல ரெண்டு சிதைஞ்சு போயிருந்துச்சு, அட்ஜஸ்ட் பண்ணாம பெல்ட்ட மாத்தச் சொல்லிட்டோம்.

அஞ்சுக்கு எத்தன ஸ்டார்னா, தராசுல பாத்து கோடு போட்டப்புறம் நாலு, பாக்காம யூஸ் பண்ணா ரெண்டுகூட குடுக்க மாட்டேன். கோட்ட செதுக்கி, ஸ்பிரிங்க சரியா பாத்து, இறுக்கமான ஓ-ரிங் ஒண்ணு போட்டு குடுத்தா இன்னும் 500 ரூபா சேத்துக்கூட வாங்கலாம்.

அடுத்த மாசம் மறுபடி பின் டயர் மாத்தணும். அதே கடைக்குத்தான் போறேன், அந்தப் பையன் வேல சுத்தமானவன். கேஜும் ஸ்டீல் ஸ்கேலும் வெல்டிங் கம்பியும் எடுத்து பைல போட்டு வச்சாச்சு, மேனுவல்ல அந்த ஒரு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து அவனுக்குன்னு தனியா ஒரு காப்பி வச்சிருக்கேன்.